கோல் அடிக்காத ஆளுக்கு இவ்வளவு விலையா?

மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம் என்றதும் நமக்கு பாக்ஸிங் டே டெஸ்ட் ஞாபகம் வரும். 2022-ல் பாகிஸ்தானுக்கு எதிராக ஹாரிஸ் ரவுஃப் பந்தில் விராட் கோலி நேராகத் தூக்கிய அந்த சிக்ஸர் ஞாபகம் வரும். மெல்போர்ன்காரர்களைக் கேட்டால் வேறு பதில் சொல்வார்கள். அவர்களுக்கு அது முதலில் 'ஃபுட்டி' மைதானம். கிரிக்கெட் கோடைக்கால விருந்தாளி. குளிர்காலம் வந்துவிட்டால் ஊரே ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பாலுக்கு மாறிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஆட்டத்தின் பிறப்பிலேயே கிரிக்கெட்டுக்குப் பங்கு உண்டு. குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்கள் உடம்பு பெருத்துச் சோம்பிவிடக் கூடாது, ஒரு ஃபுட்பால் கிளப் தொடங்குவோம் என்று 1858-ல் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். மறுவருடமே விதிகளை எழுதிவிட்டார்கள். அப்போது உருவான மெல்போர்ன் ஃபுட்பால் கிளப் இன்றைக்கும் ஆடிக்கொண்டிருக்கிறது. அதன் செல்லப்பெயர் டீமன்ஸ்.

அந்த டீமன்ஸ் ஒரு டிஃபெண்டருக்குக் கொடுத்த விலை சரியா, தப்பா? ரயிலிலும், பப்பிலும், மைதானத்தின் பிளாஸ்டிக் நாற்காலிகளிலும் ரசிகர்கள் வருடக்கணக்காகச் சண்டை போட்டார்கள். அவர் பெயர் ஜேக் லீவர்.

சண்டை தொடங்கிய இடம் 2017 செப்டம்பர் 30. அந்த வருட லீக் சுற்றில் முதலிடம் பிடித்த அடிலெய்டு அணி (செல்லப்பெயர் க்ரோஸ்) இறுதிப் போட்டியில் ரிச்மண்டிடம் 48 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. மெல்போர்ன் மைதானத்தில் அன்று 1,00,021 பேர். தோற்ற அணியின் பின்களத்தில் ஆடியவர்களில் ஒருவர் 21 வயது லீவர். அடுத்த மாதமே அவர் டீமன்ஸுக்குப் போய்விட்டார். அவர் விக்டோரியா மாநிலத்துப் பையன். மெல்போர்ன் அதன் தலைநகரம். வீட்டுக்குத் திரும்புகிறார், அவ்வளவுதான் என்று ஒரு தரப்பு சொன்னது. காயத்தில் உப்பைத் தடவிவிட்டுப் போகிறார் என்று அடிலெய்டு தரப்பு கொதித்தது.

அடிலெய்டின் கோபத்துக்குக் காரணம் உண்டு. 2014-ல் முட்டிக் காயத்தால் சீஸன் முழுக்க ஆடாமல் உட்கார்ந்திருந்த பையன் லீவர். அப்படிப்பட்டவரை நம்பி, அந்த வருட டிராஃப்டில் 14-வது ஆளாக எடுத்து, உடம்பு தேறும்வரை காத்திருந்து, ஆளாக்கிவிட்டது அடிலெய்டு. மூன்றே சீஸன் ஆடிவிட்டுக் கிளம்பினால் யாருக்குத்தான் வலிக்காது?

சரி, விலை என்ன? ஐ.பி.எல் ஏலம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். ஏ.எஃப்.எல் எனப்படும் அந்த லீக்கில் ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குப் பணம் கொடுத்து ஆளை வாங்க முடியாது. கைமாறுவது 'பிக்'. ஒவ்வொரு வருடமும் 18 வயதுப் பையன்களை கிளப்புகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடக்கும். கடைசி இடத்தில் முடித்த அணிக்கு முதல் வாய்ப்பு. அந்த வரிசை எண்ணைத்தான் பிக் என்கிறார்கள். லீவருக்காக டீமன்ஸ் 2017-ன் 10-வது பிக்கையும், 2018-ன் முதல் சுற்று பிக்கையும் அடிலெய்டுக்கு விட்டுக்கொடுத்தது. பின்சுற்று பிக்குகள் சிலவும் இரண்டு பக்கமும் கைமாறின. அதை விடுங்கள், யாருக்கும் ஞாபகம் இருக்காது. 'ரெண்டு ஃபர்ஸ்ட் ரவுண்ட்' என்ற வார்த்தைதான் ஊர் முழுக்க நின்றது. ஒரு கிளப்பின் இரண்டு வருட எதிர்காலத்தை ஒரே ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

இதுபோக சம்பளம் வேறு. ஒரு அணி வீரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று லீக் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் இன்னொருவருக்குக் கிள்ளித்தான் கொடுக்க முடியும். யாருக்கு எவ்வளவு என்று லீக் வெளியிடுவதும் இல்லை. பத்திரிகையில் கசியும் தொகையை வைத்துத்தான் ரசிகர்கள் கணக்குப் போடுவார்கள். சரியாகத் தெரியாத ஒரு தொகை அதிகமா குறைவா என்று மணிக்கணக்கில் வாதாட எல்லா ஊர் ரசிகர்களாலும் முடியும்!

என்னதான் செய்வார் டிஃபெண்டர்?

ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். முட்டை வடிவப் பந்து. கிரிக்கெட் மைதானம் முழுவதும் ஆடுகளம். ஒரு பக்கத்துக்கு 18 பேர். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கத்துக் கம்பங்களுக்கு இடையே போனால் 1 புள்ளி. ஆஃப்சைடு என்ற பேச்சே இல்லை. குறைந்தது 15 மீட்டர் தூரம் உதைக்கப்பட்ட பந்தைத் தரையில் விழாமல் சுத்தமாகப் பிடித்தால் அதற்கு 'மார்க்' என்று பெயர். பிடித்தவருக்கு யாரும் இடைஞ்சல் செய்யாமல் உதைக்க உரிமை கிடைக்கும். கோலுக்கு அருகில் எதிரணி ஆள் மார்க் பிடித்துவிட்டால் பாதி கோல் போட்ட மாதிரி.

அதைத் தடுப்பதுதான் டிஃபெண்டரின் பிழைப்பு. பழைய பாணி டிஃபெண்டர் தன் ஆளோடு ஒட்டிக்கொண்டே திரிவார். பந்து வந்தால் முஷ்டியால் குத்தித் தள்ளிவிடுவார். பிடிக்கக்கூட வேண்டாம், எதிராளி பிடிக்காமல் இருந்தால் போதும்.

லீவர் வேறு ரகம். அவர் தன் ஆளை விட்டுவிட்டுப் போவார். பந்து எங்கே வந்து விழும் என்று முன்கூட்டியே ஊகித்து, அடுத்தவர் காக்கும் இடத்துக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து, எதிரணிக்கு வந்த பந்தைத் தானே மார்க் பிடித்துவிடுவார். ஆங்கிலத்தில் 'இன்டர்செப்ட் மார்க்'. எதிரணியின் தாக்குதல் அந்த நொடியே அவர் அணியின் தாக்குதலாக மாறிவிடும்.

ஊகம் சரியாக இருந்தால் பிரமாதம். தப்பினால்? அவர் விட்டுவிட்டு வந்த ஆள் கோலுக்கு முன்னால் தன்னந்தனியாக நிற்பார். பந்து அவர் கைக்குப் போகும். ஸ்டேடியமே அதைப் பார்க்கும். டி.வி-யில் நாலு முறை போட்டுக் காட்டுவார்கள்.

ரசிகர்களின் தகராறு முழுக்க இந்த ஒரு காட்சியைச் சுற்றித்தான். லீவர் ஆளைப் பிடிக்க மாட்டார், மற்றவர்கள் அவருடைய வேலையையும் சேர்த்துச் செய்கிறார்கள், பந்தைப் பிடித்துப் பெயர் வாங்குவது மட்டும் அவர் என்பது ஒரு கட்சி. அவர் அங்கே நிற்கிறார் என்ற பயத்திலேயே எதிரணி பந்தை வேறு பக்கம் உதைக்கிறது, அதை எந்த ஸ்கோர் கார்டில் எழுதுவீர்கள் என்பது எதிர்க்கட்சி.

இரண்டாவது கட்சியின் வாதத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. நடக்காத ஒன்றை எப்படி நிரூபிப்பது? ஃபார்வேர்டு ஆட்டக்காரர் ஐந்து கோல் போட்டால் போர்டில் 30 புள்ளி ஏறும். டிஃபெண்டர் ஐந்து கோலைத் தடுத்தால் போர்டில் எதுவுமே ஏறாது. லீக்கின் பரிசுகளைப் பார்த்தாலும் இந்த ஓரவஞ்சனை தெரியும். சீஸனில் அதிக கோல் அடித்தவருக்கு கோல்மன் மெடல் உண்டு. அதிகம் தடுத்தவருக்கு அப்படிப் புகழ்பெற்ற மெடல் கிடையாது. நடுவர்கள் ஓட்டுப் போட்டுத் தரும் பிரவுன்லோ மெடல் வருடா வருடம் நடுக்களத்தில் ஓடுகிறவர்களுக்கே போகிறது. 1993-ல் எஸ்ஸெண்டன் அணியின் கேவின் வாங்கனீன் பின்களத்தில் நின்று அதை வாங்கியதை இன்றைக்கும் அதிசயமாகப் பேசுகிறார்கள்.

அப்படியும் டிஃபெண்டர் முகம் ஊருக்குத் தெரிந்த தருணங்கள் உண்டு. 2005 இறுதிப் போட்டியில் கடைசி விநாடிகளில் சிட்னி 4 புள்ளிதான் முன்னிலை. வெஸ்ட் கோஸ்ட் அணி கோலை நோக்கிக் கடைசியாக ஒரு உதை உதைக்கிறது. கும்பலாக எழும்பியவர்களுக்கு நடுவே சிட்னி டிஃபெண்டர் லியோ பாரி பறந்து பிடித்தார். சிட்னியின் 72 வருடக் காத்திருப்பு அந்தக் கைகளுக்குள் முடிந்தது. 2018 இறுதிப் போட்டியின் கதை கொஞ்சம் வேறு மாதிரி. வெஸ்ட் கோஸ்ட் வென்றதும் எல்லோரும் கொண்டாடியது ஓரத்திலிருந்து டாம் ஷீட் அடித்த அற்புதமான கோலை. அந்த நகர்வு எங்கே ஆரம்பித்தது என்று பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். எதிரணியான காலிங்வுட் உதைத்த பந்தை மறித்து மார்க் பிடித்த ஜெர்மி மெக்கவர்ன் என்ற டிஃபெண்டரிடம் போய் நிற்கும். அவர் உதைத்தார், அது இரண்டு கை மாறி ஷீட்டிடம் போனது. போஸ்டரில் யார் இருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

முட்டியும் 6-வது பிக்கும்

லீவர் விஷயத்தில் முதல் ரவுண்டு சந்தேகப்பட்டவர்களுக்கே போனது. 2018 ஜூன் தொடக்கத்தில் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் முட்டியின் தசைநார் கிழிந்தது. புது டீமுக்கு வந்து அரை சீஸன்கூட ஆகவில்லை. அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் ஓய்வு. ஏற்கெனவே ஒருமுறை இதே பாதையில் நடந்து வந்தவர் என்பதால் என்ன காத்திருக்கிறது என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வாதத்தை மோசமாக்கியது. லீவர் இல்லாமலேயே டீமன்ஸ் முன்னேறியது. 2006-க்குப் பிறகு முதன்முறையாக ஃபைனல்ஸ் சுற்றுக்குள் நுழைந்து, இரண்டு ஆட்டங்கள் வென்று, அரையிறுதிக்கு நிகரான ப்ரிலிமினரி ஃபைனல்வரை போனது. இவர் இல்லாமலே இவ்வளவு தூரம் வர முடிந்ததே, எதற்காக இரண்டு பிக்? அந்தக் கேள்விக்கு லீவரின் ஆதரவாளர்களிடம் பதில் இல்லை. பெர்த்தில் நடந்த அந்த ப்ரிலிமினரி ஃபைனலில் வெஸ்ட் கோஸ்ட் 66 புள்ளி வித்தியாசத்தில் நசுக்கியபோதுதான், பின்களத்தில் ஓட்டை இருக்கிறதே என்று முணுமுணுக்க அவர்களுக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது.

டீமன்ஸ் நிர்வாகம் அந்த முணுமுணுப்பின் பக்கம்தான் நின்றது. அதே வருட இறுதியில் கிளப்பின் பெரிய கோல் அடிப்பவரான ஜெஸ்ஸி ஹோகனை ஃப்ரீமேன்டில் அணிக்கு அனுப்பினார்கள். பதிலுக்குக் கிடைத்தவற்றில் முக்கியமானது 6-வது பிக். அதைக் கையில் வைத்துக்கொள்ளக்கூட இல்லை. அப்படியே கோல்ட் கோஸ்ட் அணியிடம் கொடுத்து, அதன் இணை கேப்டன் ஸ்டீவன் மேயையும் கேட் கொலாட்ஜாஷ்னி என்ற இன்னொரு வீரரையும் கூட்டிவந்தார்கள். மேய் யார்? இன்னொரு டிஃபெண்டர்!

ரசிகர்களின் மனநிலையை நினைத்துப் பாருங்கள். போன வருடம் ஒரு டிஃபெண்டருக்கு இரண்டு பிக். இந்த வருடம் கோல் அடிக்கிறவரை விற்றுவிட்டு இன்னொரு டிஃபெண்டர். 2019-ல் டீமன்ஸ் முடித்த இடம் 18 அணிகளில் 17. ஐந்தே வெற்றி. கோல்ட் கோஸ்ட் அந்த 6-வது பிக்கில் பென் கிங் என்ற உயரமான ஃபார்வேர்டு பையனை எடுத்து வளர்த்துக்கொண்டிருந்தது. அந்தக் குளிர்காலத்தில் லீவருக்காகவும் மேய்க்காகவும் வாதாட டீமன்ஸ் ரசிகருக்குத் தடித்த தோல் வேண்டியிருந்தது.

இரண்டு கட்சியுமே கவனிக்காமல் விட்ட ஒரு விஷயம் இருந்தது. லீவரைத் தனியாகத் தராசில் வைத்துக்கொண்டிருந்தார்கள். தன் ஆளை விட்டுவிட்டு ஓடும் டிஃபெண்டருக்கு விலை வர வேண்டுமானால், பக்கத்தில் தன் ஆளை விடவே விடாத ஒருவர் வேண்டும். எதிரணியின் மிகப் பெரிய, மிகக் கனமான ஃபார்வேர்டை மேய் ஒரு மூலையில் கட்டிப்போட்டால்தான் லீவரால் பந்தைப் படித்துக்கொண்டு அலைய முடியும். அதேபோல, லீவர் பின்னாலிருந்து வருவார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் மேயால் பந்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஆளை மட்டும் பார்த்து மல்லுக்கட்ட முடியும். ஒருவரின் விலையில் பாதி இன்னொருவர் உடம்பில் இருந்தது. காயங்களால் 2019-ல் இருவரும் சேர்ந்து நின்றதே குறைவு. சேர்ந்து நிற்காத இருவருக்குத் தனித்தனியாக மார்க் போட்டுக்கொண்டிருந்தது ஊர்.

2020-ல் நிலைமை மெல்ல மாறியது. கொரோனாவால் சுருங்கிய சீஸனில் டீமன்ஸ் 9-வது இடம். முதல் 8 அணிகள்தான் ஃபைனல்ஸுக்குப் போகும் என்பதால் ஒரே படியில் தவறியது. அடுத்த வருடம் லீவர், மேய், கூடவே டிராஃப்டில் பின்சுற்றில் வந்த ஹாரிசன் பெட்டி என்று மூன்று உயரமானவர்கள் பின்களத்தில் செட் ஆனார்கள். 2021 லீக் சுற்றில் மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணி டீமன்ஸ். முதலிடமும் அவர்களுக்கே. வருடத்தின் சிறந்த அணியாக அறிவிக்கப்படும் 'ஆல் ஆஸ்திரேலியன்' பட்டியலின் பின்வரிசையில் லீவர், மேய் இருவர் பெயரும் அடுத்தடுத்து வந்தன.

அந்த வருடத்திலும் அடிலெய்டு ரசிகர்களுக்கு ஒரு சின்ன சந்தோஷம் கிடைத்தது. முதல் 9 ஆட்டங்களையும் வென்று திமிறிக்கொண்டிருந்த டீமன்ஸை முதன்முதலில் தோற்கடித்தது அவர்கள்தான். சொந்த மண்ணில், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில். ஓடிப்போனவர் எதிரில் நின்று பார்க்க ஜெயிப்பதில் இருக்கும் ருசியே தனி. அதை யாரும் மறுக்க முடியாது.

காலியான ஊர், நிறைந்த வீடுகள்

2021 இறுதிப் போட்டி செப்டம்பர் 25. மெல்போர்ன் லாக்டவுனில் இருந்ததால் ஆட்டம் 2,700 கிலோமீட்டர் தள்ளி பெர்த்தில். டீமன்ஸ் கடைசியாகக் கோப்பை வென்றது 1964. 57 வருடம் காத்திருந்த ரசிகர்களால் சொந்த ஊர் மைதானத்தில் போய் உட்கார முடியவில்லை. தாத்தா காலத்து சிவப்பு-நீல மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு டி.வி முன்னால் உட்கார வேண்டியிருந்தது.

எதிரணி வெஸ்டர்ன் புல்டாக்ஸ். மூன்றாவது கால்பகுதியில் டீமன்ஸ் 19 புள்ளி பின்தங்கியது. பிறகு ஏதோ மடை திறந்த மாதிரி கோல் மேல் கோல். முடிவில் 140-66. 74 புள்ளி வித்தியாசம். ஆட்ட நாயகனுக்கான நார்ம் ஸ்மித் மெடல் நடுக்களத்தில் ஆடிய கிறிஸ்டியன் பெட்ராக்காவுக்கு. மறுபேச்சே இல்லை, அவர் அன்று அப்படி ஆடினார்.

மேய் தொடைத் தசைக் காயத்தோடுதான் அந்த ஆட்டத்தில் இறங்கினார் என்பது கொண்டாட்டத்துக்குப் பிறகு வெளியே தெரிந்தது. காலை இழுத்துக்கொண்டு நின்ற ஒருவரும், முட்டியில் தழும்போடு நின்ற ஒருவரும் பின்களத்தில். புல்டாக்ஸ் முன்னிலையில் இருந்தபிறகு நடந்த அந்த வெள்ளத்தை எல்லோரும் கோல்களால் எண்ணினார்கள். மறுபக்கம் புல்டாக்ஸின் கணக்கு அப்படியே உறைந்து நின்றதை எண்ணியவர்கள் குறைவு. லீவர்-மேய் ஆதரவாளர்கள் அன்று எண்ணியிருப்பார்கள்.

அத்தோடு வாதம் முடிந்துவிடும் என்று நினைத்தால் ஃபுட்டி ரசிகர்களை நமக்குத் தெரியாது என்று அர்த்தம். 2022, 2023 இரண்டு வருடமும் டீமன்ஸ் ஃபைனல்ஸில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள் தோற்று வெளியேறியது. தடுப்பு சரியாக இருந்தும் கோல் அடிக்க ஆளில்லை என்று புலம்பல் கிளம்பியது. விற்ற ஹோகனின் பெயர் மறுபடி பேச்சில் வந்தது. அவர் பின்னர் சிட்னியின் இன்னொரு அணியான ஜி.டபிள்யூ.எஸ்-ஸுக்குப் போய் 2024-ல் அதே கோல்மன் மெடலை வாங்கினார். விற்றது தப்பு என்று சொல்ல இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. கோப்பையைக் காட்டி அந்த சாட்சியை மடக்குவதும் சுலபம்தான்.

அடிலெய்டு பக்கம்? 2017 டிராஃப்டில் அந்த கிளப் டார்சி ஃபோகார்டி என்ற ஃபார்வேர்டை எடுத்தது. அவர் கோல் அடிக்கிறவர், அவர் மதிப்பு போர்டிலேயே தெரியும். ஆனால் 2017 இறுதிப் போட்டியில் தோற்ற அடிலெய்டுக்கு மறுபடி ஃபைனல்ஸ் பார்க்க எட்டு வருடம் ஆனது. 2025-ல் லீக் சுற்றில் முதலிடம் பிடித்து உள்ளே வந்து, இரண்டு ஆட்டமும் தோற்றுப் போனது. அதே சீஸனில் டீமன்ஸ் 14-வது இடத்துக்குச் சரிந்து, கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் சைமன் குட்வினை சீஸன் முடியும் முன்பே வீட்டுக்கு அனுப்பியது. லீவருக்கு அப்போது 29 வயது. இன்னும் பின்களத்தில்தான் நின்றுகொண்டிருந்தார், தன் ஆளை விட்டுவிட்டு ஓட நேரம் பார்த்தபடி.